சீப்புக்குப் பெயர் சனிக்கிழமை

சீப்பின் படத்தைக் காட்டினார்கள். என் கணவர் அதைக் கூர்ந்து பார்த்தார். நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டார். பிறகு மிகவும் நிச்சயமான குரலில், "சனிக்கிழமை" என்றார்.

அடுத்த அட்டையில் கோப்பை. "சனிக்கிழமை."

அதற்கடுத்தது சாவி. "சனி..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். தப்பாகச் சொல்கிறோம் என்பது அவர் காதுக்கே கேட்டுவிட்டது. இடது கையால் தொடையில் ஓங்கி ஓர் அடி அடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சிரித்துவிடுவேனோ என்று பயந்து, கைப்பைக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். குனிந்த பிறகுதான் தெரிந்தது, வந்தது சிரிப்பு இல்லை என்று.

மருத்துவமனையின் நான்காவது மாடியில் ஜன்னல் இல்லாத சின்ன அறை அது. கை துடைக்கும் திரவத்தின் வாசனை. கதவுக்கு வெளியே யாரோ நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு மெதுவாகப் போகும் சத்தம். எங்களுக்கு எதிரே ஹுடா உட்கார்ந்திருந்தார். பேச்சுப் பயிற்சியாளர், மலாய்ப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. அவர் பதறவில்லை. அட்டைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அங்கிள், அது என் தவறு. நான் அவசரப்பட்டுவிட்டேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

விஷயம் இதுதான். ஐந்து நிமிடம் முன்பு கிழமைகளை வரிசையாகச் சொல்லும் பயிற்சி நடந்தது. நான் "ஞாயிறு" என்று எடுத்துக்கொடுத்தேன். அவர் திங்கள், செவ்வாய், புதன் என்று தடதடவென்று ஓடி, சனிக்கிழமையில் போய் நின்றார். மூன்று வாரமாக நாலைந்து சொல்லுக்கு மேல் வராத வாய்! எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போல் இருந்தது. மனப்பாடமான வரிசைகள் இப்படித்தான் எளிதாக வரும் என்றார் ஹுடா. ஆனால் கடைசியாக வந்த சொல் சில சமயம் நாக்கை விட்டு இறங்காது. அன்று சீப்பு, கோப்பை, சாவி எல்லாவற்றுக்கும் பெயர் சனிக்கிழமை ஆகிவிட்டது.

இந்தத் தொடரில் பள்ளி அலுவலகத்தில் நான் வேலை பார்த்த காலத்தைப் பற்றித்தான் இதுவரை நிறைய எழுதியிருக்கிறேன். போன வாரம் தேக்கா சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது ஒரு வாசகி கையைப் பிடித்துக்கொண்டார். "எல்லாரையும் எழுதுறீங்க ஆன்ட்டி. உங்க வீட்டுக்காரர் மட்டும் ஒரு எடத்துலயும் பேச மாட்டேங்கிறாரே, ஏன்?"

கீரைக்கட்டைப் பையில் வைப்பதுபோல் நேரத்தைக் கடத்தினேன். அவருக்குச் சொல்லாத பதிலை இங்கே சொல்கிறேன்.

வாய் ஓயாத மனிதர்

என் கணவர் தனபால் சிராங்கூன் சாலையில் ஒரு புடவைக் கடையில் விற்பனையாளர். கடை முதலாளி மாறினார், கடையின் பெயர் மாறியது, மாடிப்படி இருந்த இடம்கூட மாறியது. இவர் மட்டும் மாறாமல் அதே கண்ணாடி மேசைக்குப் பின்னால் நின்றார்.

நான் அவரை முதலில் பார்த்ததும் அங்கேதான். அக்காவின் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போயிருந்தோம். என் அம்மா எதையும் லேசில் ஒப்புக்கொள்ளாதவர். "கடை வெளிச்சத்துல ஒரு கலரு, மேடையில ஒரு கலரு. வாசலுக்கு வாங்கம்மா, வெயில்ல காட்டுறேன்" என்று இவர் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு, கடை வாசலை ஒட்டிய ஐந்தடிப் பாதைக்கே வந்துவிட்டார். போகிற வருகிற சீனர்களும் மலாய்க்காரர்களும் நின்று பார்த்தார்கள். அவர்களுக்கும் அவரவர் மொழியில் ஒரு வார்த்தை சொன்னார். அம்மா வாங்கிவிட்டார். பில் போடும்போது இவர் என் பக்கம் திரும்பாமலே, "பொண்ணோட தங்கச்சிக்கு ஒண்ணும் எடுக்கலையா?" என்றார்.

எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்தது, அந்தப் பேச்சு கடையோடு நிற்பதில்லை என்று. குவீன்ஸ்டவுனில் எங்கள் வீடு சின்னது. அவர் குளியலறையிலிருந்து பேசுவார். சட்டை மாட்டிக்கொண்டே பேசுவார். அன்று வந்த வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவரையும் நடித்துக் காட்டுவார். மாமியாரும் மருமகளும் ஒரே புடவையைப் பிடித்துக்கொண்ட கதையை நான் பத்து தடவையாவது கேட்டிருப்பேன்.

"கொஞ்ச நேரம் வாயை மூடுங்களேன்" என்று சொல்வேன். தினமும் சொல்வேன். எழுதும்போது கை இந்த இடத்தில் நின்றுவிடுகிறது.

என்னை "வேணி" என்று கூப்பிடுவார். முழுப்பெயர் கமலவேணி. கூப்பிடும்போது கடைசி எழுத்தை இழுப்பார். மின்தூக்கியிலிருந்து இறங்கியதுமே அந்த இழுப்பு தாழ்வாரத்தில் கேட்கும். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டிகூட அதைக் கேட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார்.

இரண்டு பேருந்து

இப்படிப்பட்ட மனிதருக்கு, திக்கித் திக்கிப் பேசும் ஒரு பிள்ளை பிறந்தான்.

எங்களுக்கு ஒரே மகன், அருள். நான்கு வயது வரை நன்றாகத்தான் பேசினான். பிறகு சொற்களின் வாசலில் மாட்டிக்கொள்ள ஆரம்பித்தான். எல்லாச் சொல்லையும்விட அவனுக்குக் கஷ்டமாக இருந்தது அவன் பெயர்தான். "அ... அ..." என்று கண்ணை இறுக மூடிக்கொள்வான். தாடை நடுங்கும்.

அவன் அப்பாவுக்குப் பொறுக்காது. "மூச்சை விட்டுட்டுப் பேசுடா." "திருப்பிச் சொல்லு." "ஒழுங்காச் சொல்லு." அதற்குள் யாராவது எதிரே நின்றால் அவரே சொல்லிவிடுவார்: "அருள். பேரு அருள்." பாசம் இல்லாமல் இல்லை. கடையில் ஒரு விநாடி மௌனம் விழுந்தால் வாடிக்கையாளர் எழுந்து போய்விடுவார். அந்தப் பழக்கம் அவருக்கு.

பள்ளியில் சொல்லி, பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டும். அங்கே திருமதி லிம் என்று ஓர் அம்மாள் இருந்தார். நரைத்த குட்டை முடி. மேசை நிறைய பிளாஸ்டிக் டைனோசர்கள். முதல் நாள் அருளை விளையாடவிட்டு என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முடிவில் சொன்னார்: "அரை மணி நேரத்தில் உங்கள் மகனுடைய வாக்கியங்களில் பதினோரு வாக்கியங்களை நீங்கள் முடித்துவைத்தீர்கள்."

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நான் உதவி செய்வதாக அல்லவா நினைத்திருந்தேன்!

எனக்குத்தான் முதலில் வீட்டுப்பாடம் கிடைத்தது. தினமும் ஐந்து நிமிடம் அவனோடு உட்கார வேண்டும். திருத்தக் கூடாது. அவசரப்படுத்தக் கூடாது. அவன் வாயைப் பார்க்காமல் கண்ணைப் பார்க்க வேண்டும். அவன் முடித்த பிறகு மனதுக்குள் இரண்டு வரை எண்ணிவிட்டுத்தான் நான் பேச வேண்டும். அவனுக்கு வேறு பாடம். கண்ணாடியில் ஊதுவதுபோல் சொல்லை மெல்லத் தொடங்குவது. சில சமயம் வேண்டுமென்றே திக்கிக் காட்டுவது. "திக்கலாம், தப்பில்லை. பயந்துகொண்டு பேசாமல் இருந்துவிடக் கூடாது. அவ்வளவுதான்" என்பார் திருமதி லிம். திக்கல் முழுதும் போய்விடும் என்று அவர் ஒருநாளும் வாக்குக் கொடுக்கவில்லை.

ஒரே ஒருமுறை கணவரை அழைத்துப் போனேன். மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி நேரம் பார்த்தார். வெளியே வந்ததும், "பேசுறதுக்கு ஒரு கிளாஸா? பேசப் பேச வந்துடும் லா" என்றார். அப்புறம் வரவில்லை.

பயிற்சி வீண்போகவில்லை. உயர்நிலைப் பள்ளியில் தமிழ் வாய்மொழித் தேர்வின்போது அருள் ஆசிரியரிடம், "எனக்குத் திக்கும். கொஞ்சம் நேரம் ஆகும். ஆனா முடிச்சிடுவேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டுத் தொடங்கினானாம். முடித்துவிட்டு வந்தான். அன்று கோழிச்சோறு வாங்கிக்கொடுத்தேன். இலையில் ஒட்டியிருந்த கடைசிப் பருக்கை வரை வழித்துச் சாப்பிட்டான்.

அந்தத் தீபாவளிக் கூட்டம்

இதைச் சொல்லாமல் தாண்டிவிடத்தான் நினைத்தேன். தாண்டினால் மீதிக் கதை புரியாது.

அருளுக்குப் பத்து வயது. தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. கடையில் நிற்க இடமில்லை. அப்பாவுக்குச் சோற்றுக் கேரியரை அவன்தான் தூக்கிக்கொண்டு வந்தான். நான் பின்னால் வந்தேன். புடவை பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா அவன் கன்னத்தைத் தட்டி, "உன் பேரு என்ன தம்பி?" என்றார்.

"அ... அ... அ..."

என் கணவர் கையில் விரித்த பட்டுப்புடவை. "இவன் பேரச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அடுத்த தீபாவளி வந்துடும்மா!" என்றார்.

கடையே சிரித்தது. இவரும் சிரித்தார். சிரித்தவர்களில் நானும் உண்டு. கூட்டத்தோடு கூட்டமாக, ஏன் என்று யோசிக்காமல், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அருள் கேரியரைச் சத்தம் வராமல் தரையில் வைத்தான். வெளியே போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் அந்தக் கடைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. அப்பாவிடம் கேட்டதற்குப் பதில் சொல்வான். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. வளர்ந்தான், வேலைக்குப் போனான், உட்லண்ட்ஸில் வீடு எடுத்துத் தனியாகப் போனான். ஞாயிற்றுக்கிழமை வருவான். மின்விசிறியைத் துடைப்பான், குழாயைச் சரிபார்ப்பான். "சாப்பிட்டியா?" "ம்." "வேலை எப்படி?" "ஓகே." அப்பாவும் மகனும் பேசுவது அவ்வளவுதான். நடுவில் உட்கார்ந்து இருவருக்கும் சேர்த்து நான் பேசிக்கொண்டிருப்பேன்.

பாதியில் நின்ற வாக்கியம்

இரண்டு வருஷம் இருக்கும். மழை விட்டிருந்த ஒரு காலை. ரொட்டியைத் தேநீரில் தோய்த்துக்கொண்டே, முந்தைய நாள் ஜோகூரிலிருந்து வந்த ஒரு வாடிக்கையாளரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்தம்மா என்ன கேட்டாங்க தெரியுமா? அந்தம்மா... மரம்... போடு... மர..."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "என்னவாம்?" என்றேன். பதில் வரவில்லை. திரும்பினேன். கோப்பை சாய்ந்து தேநீர் மேசையிலிருந்து அவர் மடியில் சொட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை. வாயின் ஒரு பக்கம் தொங்கியிருந்தது.

ஆம்புலன்ஸ் சீக்கிரம் வந்தது. பக்கவாதம் என்றார்கள். உயிருக்கு ஆபத்து இல்லை, வலது கை பலவீனம், நடை திரும்பிவிடும். பேச்சுதான் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. நாம் பேசுவது அவருக்கு ஓரளவு புரியும். என்ன சொல்ல வேண்டும் என்பதும் தெரியும். அதற்கான சொல்தான் கைக்கு அகப்படாது.

ஜோகூர் அம்மா என்ன கேட்டார் என்று எனக்கு இன்னும் தெரியாது.

ஹுடாவின் அறைக்கு முதல்முறை போனபோது அருள் விடுப்பு எடுத்துக்கொண்டு கூட வந்திருந்தான். ஹுடா சக்கர நாற்காலிக்கு நேரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார்: "அங்கிள், உங்கள் பெயர் என்ன?"

கணவரின் வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. மூடியது. மறுபடி திறந்தது. நெற்றியில் வேர்வை.

"தன..." என்று நான் வாயெடுத்தேன். என் முழங்கையில் ஒரு கை விழுந்தது.

"அ... அம்மா. வெ... வெயிட்."

அருள் நாற்காலியை முன்னால் நகர்த்திக்கொண்டு அப்பாவின் கண்ணைப் பார்த்து உட்கார்ந்தான். அவசரம் எதுவும் இல்லாத முகம். வேறு வேலையே இல்லை என்பதுபோன்ற முகம். ஹுடா ஒருமுறை அவனைப் பார்த்தார். புரிந்துகொண்டார்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. குளிரூட்டி ஒருமுறை நின்று மறுபடி ஓட ஆரம்பித்தது.

"த..." என்றார். "த... தனம்."

தப்பு. அவருக்கே தெரிந்தது. கண்ணீர் தாடை வரை வந்துவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

"ப... பரவால்லப்பா" என்றான் அருள். "நேரம் இ... இருக்கு."

மக்கான்

அவர் வாயிலிருந்து தெளிவாக வந்த முதல் சொல் தமிழ் இல்லை.

ஒரு மதியம், உணவுத் தட்டு வந்த நேரத்தில் ஹுடா வார்டுக்கு எட்டிப் பார்த்தார். அவரைக் கண்டதும் இவர் முகம் மலர, "மக்கான்!" என்றார். சாப்பிடலாம் என்று மலாயில். கடைக்கு வரும் மலாய்க்காரர்களிடம் ஆயிரம் தடவை சொன்ன சொல். ஹுடா குழந்தைபோல் துள்ளினார். "யா, அங்கிள், மக்கான்!" பக்கத்துக் கட்டிலில் இருந்தவரும் சேர்ந்துகொண்டார்.

நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே ஒன்று சுருக்கென்றது. இரவும் பகலும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான். முதல் சொல் அவளுக்கா? சோற்றுக்கா? இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அன்று அப்படித்தான் இருந்தது.

என்னை அவர் "அது" என்றார். தண்ணீரும் அது, போர்வையும் அது, நானும் அது.

வீட்டுக்கு வந்த பிறகு பயிற்சி வாரம் ஒருமுறை. மற்ற நாட்களில் வீட்டில். ஹுடாவுக்குத் தமிழ் தெரியாது என்பதால், தமிழில் செய்ய வேண்டியதை வீட்டார்தான் செய்ய வேண்டும். அருள் வேலையில் முறை மாற்றிக்கொண்டு வாரம் மூன்று நாள் உட்லண்ட்ஸிலிருந்து வர ஆரம்பித்தான். பொதுவான படங்களை ஒதுக்கிவிட்டு, எங்கள் வீட்டுப் பொருட்களையே படம் எடுத்து ஒரு புத்தகம் செய்தான். எங்கள் தோசைக்கல், எங்கள் கதவு, அவருடைய மூக்குக்கண்ணாடி. ஒருநாள் அந்தப் புத்தகத்தில் புதிய பக்கங்கள் இருந்தன: புடவைகள். கண்ணாடி மேசை. அளவுகோல். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் மிதிக்காத கடைக்குள் போய் எடுத்துக்கொண்டு வந்திருந்தான்.

மாலை நேரத்தில் இருவரும் சாப்பாட்டு மேசையில் உட்காருவார்கள். ஒருவர் தேடுவார். மற்றவர் காத்திருப்பார். அருள் சொல்லைத் தரமாட்டான். ரொம்பவும் தவித்தால் முதல் எழுத்தை மட்டும் கொடுப்பான். சில சமயம் அந்த முதல் எழுத்து அவன் வாயிலேயே மாட்டிக்கொள்ளும். அப்போது காத்திருப்பவர் அவன் அப்பா. நான் அடுப்படியில் நின்று வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்பேன். அந்த வீட்டில் அவ்வளவு நீண்ட மௌனம் அதற்கு முன் இருந்ததில்லை. யாரும் எழுந்து போகவும் இல்லை.

தேக்காவில் ஒரு வரிசை

நிஜமான இடத்தில், நிஜமான ஆளிடம் பேசவைக்க வேண்டும் என்று ஹுடா ஒருநாள் சொன்னார். தேநீர் வாங்குவது என்று முடிவாயிற்று. இரண்டு வாரம் வீட்டில் ஒத்திகை. பாலும் சீனியும் இல்லாத தேநீருக்கு இங்கே "தே ஓ கோசோங்" என்பார்கள். டாக்டர் சொன்னதிலிருந்து அவருக்கு அதுதான்.

ஒரு சனிக்கிழமை காலை தேக்கா நிலையத்துக்குப் போனோம். மீன் வாடையும் மல்லிகை வாசனையும் கலந்து வரும் அந்த நேரம். கடைக்காரருக்கு இவரைப் பல வருஷமாகத் தெரியும். பார்த்ததும், "அண்ணே! எப்படி இருக்கீங்க? வழக்கமான டீதானே?" என்று கோப்பையை எடுத்துவிட்டார்.

"அ... அண்ணே, ஒரு நிமிஷம்" என்றான் அருள். "அ... அப்பாவே சொல்லுவாரு."

இவர் கடைப்பலகையை இடது கையால் பிடித்துக்கொண்டார். "தே..." என்றார். நின்றது. "தே..."

பின்னால் ஏழெட்டுப் பேர். கையில் தட்டோடு ஓர் ஆள் உச்சுக்கொட்டினார். "சீக்கிரம் லா, அங்கிள். எத்தன பேரு நிக்கிறாங்க."

இவர் கழுத்து சிவந்தது. திரும்பிப் போகக் காலை எடுத்துவிட்டார். எனக்கு அங்கேயே தரை பிளந்தால் தேவலை என்று இருந்தது.

அருள் வரிசையைப் பார்த்துத் திரும்பினான். கூட்டத்தில் குரலை உயர்த்துகிற பிள்ளை இல்லை அவன்.

"எ... எ... எங்கப்பா பே... பேசிக்கிட்டிருக்காரு" என்றான். ஒவ்வொரு திக்கலையும் மறைக்காமல், அவசரப்படாமல். "கொ... கொஞ்சம் பொறுங்க. ப்ளீஸ்."

யாரும் சிரிக்கவில்லை. உச்சுக்கொட்டியவர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். கடைக்காரர் துணியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் பலகையில் ஊன்றி நின்றார்.

"தே... ஓ..." என்றார் என் கணவர். "கோசோங்." மூச்சு வாங்கினார். பிறகு ஒத்திகையில் இல்லாத ஒரு சொல்: "மூணு."

தேநீரை எடுத்துக்கொண்டு ஒரு மேசையில் உட்கார்ந்தோம். நான் ஏதோ பேச ஆரம்பித்தேன். இவர் இடது கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். அருளைப் பார்த்தார்.

"கடை" என்றார்.

"எ... எந்தக் கடைப்பா? புடவைக் கடையா?"

தலையசைத்தார். "தீபாவளி." பக்கத்து மேசையைத் துடைத்துவிட்டுப் போனார்கள். "நீ... சின்ன... பேரு." நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "நான்... சிரிச்சேன்."

அருள் கோப்பையைக் கீழே வைத்தான்.

"தப்பு" என்றார். அந்தச் சொல் தடங்கல் இல்லாமல் வந்தது.

அருள் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினான். "நா... நான் மறக்கலப்பா" என்றான். "ஆ... ஆனா வந்துட்டேன்ல?"

"நானுந்தான் அன்னிக்குச் சிரிச்சேன்" என்றேன்.

"தெ... தெரியும்மா" என்றான். "பா... பார்த்தேன்."

சர்க்கரை இல்லாத தேநீரைக் கடைசி வரை குடித்தோம்.

இன்று

இப்போது பயிற்சி மாதம் ஒருமுறை. முன்னேற்றம் மெதுவாகும், ஆனால் நின்றுவிடாது என்கிறார் ஹுடா. சின்னச் சின்ன வாக்கியங்கள் வருகின்றன. "மழை வருது." "கை வலி." அருள் தொலைபேசியில் அழைக்கிறான். தொலைபேசி அவனுக்கு எப்போதும் பிடிக்காது, அப்பாவுக்காகப் பேசுகிறான். பதினைந்து நிமிடம் போகும் அழைப்பில் இருபது சொல் இருக்கலாம். இருவரும் திருப்தியாக வைக்கிறார்கள்.

யாராவது கேட்டால், இவ்வளவாவது வந்ததே, நன்றி என்றுதான் சொல்வேன். நன்றி இல்லாமல் இல்லை. ஆனாலும் மின்தூக்கிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் காது தானாகத் தாழ்வாரத்துக்குப் போகிறது. என் படம் அந்தப் புத்தகத்தில் முதல் பக்கத்தில் இருக்கிறது. அதைப் பார்த்து அவர் சிரிப்பார், விரலால் தடவுவார். "வே" வரை ஒருமுறை வந்தது. மாமியாரும் மருமகளும் ஒரே புடவையைப் பிடித்துக்கொண்ட கதையைப் பதினோராவது தடவை கேட்க நான் என்ன வேண்டுமானாலும் தருவேன்.

போன செவ்வாய்க்கிழமை சந்தைக்குக் கிளம்பினேன். பையைத் தோளில் மாட்டி, செருப்பும் போட்டாயிற்று. கீழே நிறுத்தத்துக்குப் பேருந்து வரும் நேரம். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு இரும்புக் கதவு வரை வந்தார். வாய் திறந்தது.

"போ" என்றார்.

தமிழில் யாரும் வீட்டாளை அப்படிச் சொல்லி அனுப்புவதில்லை. அது அவருக்கும் தெரியும். இன்னொரு சொல் இருக்கிறது என்பது அவர் கண்ணில் தெரிந்தது. அதைத் தேடிக்கொண்டு போய்விட்டார். எவ்வளவு தூரம் போக வேண்டுமோ.

நான் பையைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைத்தேன். கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் கண்ணைப் பார்த்து நின்றேன். கீழே பேருந்து வந்தது, கதவு திறந்தது, மூடியது, போயிற்று. பக்கத்து வீட்டுப் பாட்டி கதவைத் திறந்து பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் சாத்திக்கொண்டார்.

"வா" என்றார்.